ஆடி மாதத்து விருந்தாளிகள்

2022 ஜூன் மாதம் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் நான் ஏறி இறங்கிய பட்டுக்கடைகளில் எல்லாம் முதலில் பார்க்கக் கேட்டது கழிப்பறையை. முதலாளிமார் விழித்தார்கள். புதுப் புடவையை விரித்துக் காட்டத் தயாராக நின்றவரிடம் போய் "பாத்ரூம் எங்கண்ணா இருக்கு?" என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். மாடிப்படிக்குப் பின்னால், காலி அட்டைப்பெட்டிகளைத் தாண்டிப் போனால் ஓர் அறை. பாதியில் பழைய பொம்மை உருவங்களும் தட்டுமுட்டுச் சாமான்களும். கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. கடையில் வேலை செய்யும் பெண்களில் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்பாள். முகூர்த்தப் பட்டெடுக்க வரும் நம் குடும்பங்கள் காலையில் நுழைந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாலும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வரப்போகிறார்கள் என்ற சாக்கில் சில கடைகளில் தாழ்ப்பாள் வந்தது, விளக்கு வந்தது, வாளிக்குப் பக்கத்தில் ஒரு டிஷ்யூ ரோலும் வந்தது. அதனால் முதலில் பிழைத்தவர்கள் அந்தக் கடைப் பெண்கள்தான்.

சாக்கு என்று நான் சொல்வது 44-ஆவது செஸ் ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் மீது போர் தொடங்கியதும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள்; மார்ச் மாதத்தில் அது தமிழ்நாட்டுக்கு வந்தது. ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா, அடுத்த நாளிலிருந்து மாமல்லபுரம் பூஞ்சேரியில் ஆட்டம், ஆகஸ்ட் 9-ல் நிறைவு. பொதுப் பிரிவில் மட்டும் 186 நாடுகள், 188 அணிகள். வேட்டி சட்டையில் கைகூப்பி நிற்கும் 'தம்பி' குதிரை ஊரெங்கும் சுவரொட்டியில் சிரித்தது. மாமல்லபுரம் 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகும் எங்கள் வியாபாரிகளின் கணக்கில் அது 'நம்ம மாவட்டம்'தான். சுமார் 65 கிலோமீட்டர். அங்கே வந்தவன் இங்கே வராமல் போவானா?

நான் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். தறிச் சத்தத்தில் படித்து, பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் சில காலம் கணக்கெழுதி, அங்கே வரும் வெளியூர்க்காரர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லியே வழிகாட்டி ஆனவள். அதனால் தெரிந்த கடைக்காரர்களும் லாட்ஜ்காரர்களும் கூடிப் பேசி என்னைக் கூப்பிட்டார்கள். "பசங்களுக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் சொல்லிக் குடுங்கக்கா. ரெண்டு வருஷமா கொரோனாவுல படுத்த யாவாரம். இப்பவாவது எழுந்திருக்கட்டும்."

கூட்டம் எங்களுக்குப் புதிதில்லை. 2019-ல் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளிய நாற்பத்தெட்டு நாளில், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, ஒரு கோடிப் பேர் வந்து போனதாகச் சொன்னார்கள். அந்த ஒரு கோடிக்கும் செருப்பை எங்கே விடுவது, நடை எப்போது சாத்தும், அன்னதானத்தில் எந்தக் கையால் வாங்குவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தண்ணீரும் நிழலும் வரிசையும் இருந்தால் போதும். இப்போது வரப்போகிறவர்கள் எண்ணிக்கையில் அதில் தூசு. ஆனால் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. இதைத்தான் வியாபாரிகளுக்கு முதலில் புரியவைக்க வேண்டியிருந்தது.

ஆசையையும் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டியிருந்தது. அதே 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோதும் காந்தி ரோடு கனவு கண்டது. அவருக்குப் பரிசாகக் கொடுத்த, அவர் உருவத்தையே நெய்த பட்டுத்துணி கோயம்புத்தூர்ப் பக்கம் சிறுமுகையில் நெய்தது. ரெண்டு நாள் எங்கள் ஊரில் அதே பேச்சு. இந்த முறை நான் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஆட்டம் தினமும் பிற்பகல் 3 மணிக்கு. கடைசிச் சுற்று மட்டும் காலை 10-க்கு. ஆடுகிறவர் காலையில் காஞ்சிபுரம் வந்து திரும்பிப் போய் பலகைக்கு முன் உட்கார மாட்டார்; காலை முழுக்க எதிராளிக்குத் தயாரிப்பு இருக்கும். ஆகஸ்ட் 4 ஒரு நாள்தான் ஓய்வு. மற்ற நாளில் வந்தால் கூட வந்த குடும்பத்தார், ஆட்டமில்லாத பயிற்சியாளர், பத்திரிகைக்காரர்கள் வரலாம். வேன் வேனாக வரும், பஸ் பஸ்ஸாக வராது. "அப்ப எதுக்குக்கா இவ்ளோ பாடு?" என்றார் ஒருவர். வருகிறவர் நூறு பேரானாலும் நூறு நாட்டுக்குத் திரும்பிப் போவார்கள் என்றேன். அது வியாபாரிக்கு விளங்குகிற கணக்கு.

லாட்ஜ் மாடியில் இருந்த சின்ன மண்டபத்தில் வகுப்பு. கடைப் பையன்கள், பில் போடும் பெண்கள், ஆட்டோக்காரர்கள், ரெண்டு ஓட்டல் சர்வர்கள். நோட்டும் பேனாவுமாக வந்திருந்தார்கள். இங்கிலீஷ் எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உங்களைப் போலவே இங்கிலீஷ் தகராறு என்று ஆரம்பித்தேன். ஸ்பானிஷ், பிரெஞ்சு, ரஷ்யன், அரபி பேசுகிறவர்கள். கால்குலேட்டரில் விலையை அடித்துத் திருப்பிக் காட்டு, போதும். மணியை விரலால் சொல்லாதே, எழுதிக் காட்டு. 'சரி' என்பதற்கு நாம் தலையை ஆட்டுகிற ஆட்டத்தைப் பார்த்து எதிரில் இருப்பவர் மறுப்பதாக நினைத்துக்கொள்வார். வாயால் 'யெஸ்' என்று சொல்லிவிடு. கடைக்குள் வந்ததும் பின்னாலேயே போகாதே. தண்ணீர் கொடு, உட்காரச் சொல், கொஞ்ச நேரம் அவர்கள் பாட்டுக்குப் பார்க்கட்டும். இந்தக் கடைசிப் பாடம்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். பட்டுக்கடை விற்பனையாளன் கை சும்மா இருக்காது. ஆள் உட்காருமுன் ஏழு புடவை விரிந்துவிடும்.

நம் அன்பு கேள்வியாகத்தான் வெளிவரும். கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தை எத்தனை, ஏன் இன்னும் இல்லை, சம்பளம் எவ்வளவு, இவர் உங்க வீட்டுக்காரரா? இது எதையும் கேட்காதே என்றதும் மண்டபத்தில் சிரிப்பு. "அப்ப என்னதான்க்கா பேசறது?" ஊரைக் கேள். அங்கே என்ன விளையும், என்ன உடுத்துவார்கள் என்று கேள். ரெண்டு ஆண்கள் சேர்ந்து வந்தால், ரெண்டு பெண்கள் கைகோத்து வந்தால், அவர்கள் யாருக்கு யார் என்பது உன் பில்லில் ஏறப்போவதில்லை. தலையில் துணி போட்ட அம்மா புடவையைத் தோளில் போட்டுப் பார்க்க விரும்பினால் பெண் ஊழியர் ஒருத்தி கூட இருக்கட்டும். பையன்கள் கிட்டே போய் முந்தானையைச் சரிசெய்ய வேண்டாம்.

நிறத்தைப் பற்றிப் பேசித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆப்பிரிக்க அணிகளைப் பற்றிச் சொல்லும்போது பின்வரிசையில் ஒரு பையன் ஒரு சொல்லைச் சொன்னான்; நாலு பேர் சிரித்தார்கள். வகுப்பை நிறுத்திவிட்டு அந்தப் பையனிடம், உன் கடை வாசலில் ஒட்டியிருக்கும் படங்களில் உன் நிறத்தில் ஒரு பெண்ணாவது இருக்கிறாளா என்று கேட்டேன். பதில் இல்லை. கருப்பான நம் ஆட்களே குடும்பத்தோடு நுழைந்தால் ஆயிரம் ரூபாய்ப் புடவை இருக்கும் பக்கம் கைகாட்டுகிற ஊர் இது. வெள்ளைக்காரருக்கு ஏசி ஹாலும் சோபாவும், கருப்பருக்கு வாசல் கவுண்டரும் என்று போனால் வெட்கக்கேடு மட்டுமில்லை, நஷ்டமும்கூட. செல்ஃபி எடுக்கணுமா, ஒரு தரம் கேள். வேண்டாம் என்றால் போனைப் பையில் போடு. முடியைத் தொட்டுப் பார்க்காதே. ஆப்பிரிக்கா ஒரு நாடில்லை. இவ்வளவுதான் சொன்னேன், கொஞ்சம் குரலை உயர்த்தி.

மேலே சொன்ன எல்லாவற்றையும் பையன்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். நடக்காதது ஒன்றே ஒன்று, கமிஷன்.

காஞ்சிபுரம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியூர் வண்டி ஊருக்குள் நுழையும்போதே யாராவது ஒருவர் பைக்கில் கூடவே வருவார். கோயில் சாத்தியாச்சு, நெசவு பார்க்கலாம், இலவசம் என்பார். வாசலில் காட்சிக்கு ஒரு தறி போட்ட கடையில் கொண்டுபோய் நிறுத்துவார். வாங்கினால் பில் தொகையில் ஒரு பங்கு அவருக்கு. ஆட்டோ, வேன், ஓட்டல் பையன், வழிகாட்டி என்று கை பல. அந்தப் பங்கு யார் பணம்? கடைக்காரர் தன் லாபத்திலிருந்து கொடுப்பதில்லை, விலையில் ஏறிவிடும். ஏற வேண்டுமானால் புடவையில் விலைச்சீட்டு இருக்கக் கூடாது. சீட்டு இல்லாவிட்டால் ஆளைப் பார்த்து விலை. ஆளைப் பார்த்து விலை சொல்லும் கடையில் நான் என்ன உபசாரம் சொல்லிக்கொடுத்து என்ன? சிரித்த முகத்தோடு ஏமாற்றத் தெரிந்துகொள்வான், அவ்வளவுதான்.

நான் வைத்த யோசனை எளிது. ஒலிம்பியாட் நடக்கிற அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும், வண்டி கொண்டு வருகிறவருக்கு மதியச் சாப்பாடும் காத்திருப்புக் கூலியும் உறுதியாகக் கொடுங்கள், விருந்தினர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். புடவை ஒவ்வொன்றிலும் விலையை ஒட்டுங்கள். ஆட்டோக்காரர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். வாங்குவார்களா மாட்டார்களா என்று கடை வாசலில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிட நிச்சயமான காசு மேல் என்றார் ஒரு பெரியவர். மறுத்தது முதலாளிகள். நெடுநாள் பழகிய ஒருவர் உண்மையைச் சொன்னார்: "நீ சொல்றது நியாயம்தாம்மா. நான் மட்டும் நிறுத்தினா வண்டி அடுத்த கடை வாசல்ல போய் நிக்கும். எல்லாரையும் ஒரே நாள்ல நிறுத்தச் சொல்லு, நானும் நிறுத்தறேன்." அதற்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சில கடைகள் செய்தன, பல செய்யவில்லை. நான் என் விருந்தினர்களைச் சீட்டு ஒட்டிய கடைகளுக்கும், காமாட்சியம்மன், முருகன், அறிஞர் அண்ணா, திருவள்ளுவர் பெயர்களில் இருக்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அழைத்துப் போனேன். சங்கத்தில் விலை அச்சிட்டது. பேரம் கிடையாது. விளக்கு வெளிச்சம் மங்கல், மதியம் சாப்பாட்டுக்கு ஷட்டரை இறக்கிவிடுவார்கள், பில் போட நேரமாகும். இருந்தாலும் வெளியே வரும்போது விருந்தினர் முகத்தில் சந்தேகம் இருக்காது.

கோயில் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பெரிய கோயில்கள் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் திறக்க நாலு மணியாகும். மாமல்லபுரத்தில் காலை உணவை நிதானமாக முடித்துக் கிளம்புகிறவர் பதினொன்றரைக்கு இங்கே வந்து இறங்குவார். அப்புறம் மூடிய கதவுகளைத்தான் படம் பிடிக்க வேண்டும். ஆகவே லாட்ஜ்காரர்களையும் டாக்ஸிக்காரர்களையும் விட்டு முன்கூட்டியே சொல்லச் சொன்னேன்: ஏழு மணிக்குக் கிளம்புங்கள், காலையில் கோயில், வெயில் நேரத்தில் தறி, பிறகு கடை. கைலாசநாதர் கோயில் முதலில். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எடுத்த மணற்கல் கோயில்; சுற்றிலும் சின்னச் சின்னச் சந்நிதிகள், அவற்றுள் சிலவற்றில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொல்லியல் துறைப் பராமரிப்பு, புல்வெளி, அமைதி. மணற்கல் தொட்டால் உதிரும் என்பதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். கருவறையைச் சுற்றித் தவழ்ந்து வருகிற இடுக்கு வழியைச் சொன்னால் எந்த நாட்டுக்காரருக்கும் ஆசை வந்துவிடும். உடல் பருத்தவரிடம் அதை முன்னமே பக்குவமாகச் சொல்வது வழிகாட்டியின் வேலை.

ஏகாம்பரநாதர், வரதராஜர் கோயில்களில்தான் சங்கடம். இந்துக்கள் அல்லாதோர் ஓர் எல்லைக்கு மேல் போகக் கூடாது என்று பலகை இருக்கிறது. அந்த விதியைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அது இங்கே வேண்டாம். ஆனால் செருப்பைக் கழற்றி, கொதிக்கும் கல்லில் ஓடி, பிராகாரம் எல்லாம் சுற்றி, கடைசியில் கொடிமரத்தருகே நாலு பேர் பார்க்கத் தடுத்து நிறுத்துவது எந்த ஆகமத்திலும் இல்லை. அதை வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வரதராஜர் கோயிலில் நூற்றுக்கால் மண்டபமும், ஒரே கல்லில் செதுக்கித் தொங்கவிட்ட சங்கிலியும் அந்த எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றன. ஒரு மணி நேரம் போதாது. காலுறை அனுமதி உண்டா என்று கேட்டு வைத்துக்கொண்டு பருத்திக் காலுறை கையிருப்பு வைத்திருந்தேன். ஆடி வெள்ளியில் காமாட்சியம்மன் கோயில் பக்கமே போகவேண்டாம் என்றும் சொன்னேன். ஜூலை 29-ம் ஆகஸ்ட் 5-ம் வெள்ளிக்கிழமை.

சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வருகிறவர்கள் போதிதர்மரைக் கேட்பார்கள். 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு ஆட்டோக்காரர்களும் அவரைப் பற்றி நிறையச் சொல்வார்கள், வீட்டைக் காட்டுகிறேன் என்பதுவரை. காஞ்சி இளவரசர் என்பது மரபுக் கதை. காட்டுவதற்கு வீடு இல்லை. சீனப் பயணி யுவான் சுவாங் ஏழாம் நூற்றாண்டில் இந்த ஊருக்கு வந்து எழுதி வைத்தது உறுதியான செய்தி. ஏகாம்பரநாதர் கோயில் மதிலில் புத்தர் உருவங்கள் கல்லில் இருக்கின்றன. அதைக் காட்டு, இல்லாததைக் காட்டாதே என்றேன்.

தறி வீட்டைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் உண்டு, வளர்ந்த வீடு என்பதால்.

கடைக்காரர்கள் விருந்தினரைப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுக்கு 'இலவசமாக' அழைத்துப் போவதாக விளம்பரம் செய்வார்கள். இலவசம் யாருக்கு? எட்டுப் பேர் வந்து ஒரு மணி நேரம் நின்றால் தறி நிற்கும். தறி நின்றால் அன்றைய நெசவு குறையும், கூலி தள்ளிப்போகும். உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைப் புடவையென்றால் இரண்டு பேர் வேலை நிற்கிறது, ஏனென்றால் உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று என மூன்று நாடா ஓட வேண்டும். கரை நாடா வாங்கித் தள்ள மறுபக்கம் ஓர் ஆள் வேண்டும். ஆகவே பார்வைக் கூலி என்று ஒரு தொகையைத் தீர்மானித்து, குழு வருமுன்பே நெசவாளர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இதைக் கடைக்காரர்கள் கமிஷனைப் போல எதிர்க்கவில்லை. தொகை சிறியது என்பதுதான் காரணமோ என்னவோ. அதோடு விருந்தினர் போகிறபோக்கில் வீட்டுக் குழந்தை கையில் நோட்டைத் திணிப்பதும் நின்றது.

தறியில் பாதி ஓடியிருக்கும் புடவையைப் பார்த்ததும் வெளிநாட்டார் அநேகமாக எல்லாரும் சொல்வது: கடை வேண்டாம், இதை இவரிடமே வாங்கிக்கொள்கிறேன், காசு முழுதும் இவருக்கே போகட்டும். நல்ல மனசு. ஆனால் அந்தப் புடவை அவருடையது இல்லை. பாவும் ஊடைப் பட்டும் ஜரிகையும் சங்கத்திடமோ முதலாளியிடமோ எடை போட்டு வாங்கி வந்தவை; நெய்து முடித்ததும் எடை சரிபார்த்து ஒப்படைத்தால் கூலி. இதை விளக்காமல் விட்டால் ஒன்று, நெசவாளர் தர்மசங்கடத்தில் நெளிவார். இல்லாவிட்டால் விருந்தினர் இவர் பேராசையில் விலை ஏற்றப் பார்க்கிறார் என்று நினைப்பார். நான் வாசலிலேயே சொல்லிவிடுவேன். கூலி எவ்வளவு என்று கேட்டால் நெசவாளரே சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன். கடை விலையையும் கூலியையும் மனதுக்குள் கழித்துப் பார்த்து விருந்தினர் மௌனமாவார். அந்த மௌனத்தைக் கலைப்பது என் வேலை இல்லை.

கையை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பாவைத் தொடலாம். வெயிலுக்குப் பூசுகிற கிரீம் பட்டில் பட்டால் கறை, அந்த நஷ்டம் நெசவாளர் கூலியில் பிடிக்கப்படும். குழித்தறியில் கால் இறக்கி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் உண்டு.

இரண்டு கேள்விகளுக்குக் கடைக்காரர்கள் நடுங்குவார்கள். ஒன்று குழந்தைத் தொழிலாளர். 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. ஒரு பத்திரிகைக்காரர் அதைப் போனிலேயே வைத்திருந்தார். 'அதெல்லாம் பொய் சார், எங்க ஊரைக் கெடுக்கறதுக்கு' என்று கடையில் ஒருவர் குதித்தார். நான் குறுக்கே போய்ச் சொன்னேன்: இருந்தது. கரை நாடா தள்ளுகிற அந்த மறுபக்க ஆள் பல வீடுகளில் குழந்தைதான். என்னோடு படித்த பெண்கள் நடுவில் நின்று தறிக்குப் போயிருக்கிறார்கள். வழக்குகளும் பள்ளிச் சேர்க்கையும் கண்காணிப்பும் அதை வெகுவாகக் குறைத்தன. இப்போது எங்கள் பிள்ளைகள் தறிக்கு வர மறுப்பதுதான் எங்கள் கவலை. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அந்தக் கடையிலேயே அம்மாவுக்கு ஒரு புடவையும் வாங்கினார்.

இன்னொன்று புழு. 'பூச்சி பறந்து போனதும் கூட்டை எடுப்போம் மேடம்' என்று ஒரு பையன் கூசாமல் சொன்னதை நானே கேட்டேன். கூட்டைப் புழுவோடு கொதிநீரில் போட்டால்தான் நூல் அறுபடாமல் வரும். உயிர்க்கொலை கூடாது என்று பட்டே உடுத்த வேண்டாம் எனச் சொன்ன காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இருந்த மடம், பட்டுக்கடைகளுக்கு நடக்கிற தூரத்தில்தான் இருக்கிறது. இதையும் சொல்லி, பட்டு வேண்டாம் என்கிறவருக்குக் காஞ்சிப் பருத்திப் புடவையை எடுத்துக் காட்டு என்றேன். ஜரிகை தங்கமா என்பார்கள். பட்டிழையில் வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றித் தங்கமுலாம் ஏற்றியது என்று சொல். 'ப்யூர் கோல்டு' என்று வாய் போகக் கூடாது.

சாப்பாட்டில் பெரிய சிக்கல் வரவில்லை. காரம் குறைத்தால் எல்லாரும் சாப்பிட்டார்கள். மந்தாரை இலை வைத்த கூடையில் வேகும் காஞ்சிபுரம் இட்லியின் மிளகும் சுக்கும் நெய்யும் பிடிக்காதவர் யாருமில்லை. ஒன்றே ஒன்று: கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு 'அரிசிதான், தைரியமா சாப்பிடுங்க' என்று சர்வர் சொல்வான். கடையில் விற்கிற கட்டிப் பெருங்காயத்தில் மைதா கலப்பு உண்டு. சாம்பாரில் அது இல்லாமல் இருக்குமா? சமையற்காரரைக் கேட்டுவிட்டுச் சொல் என்று பழக்கினோம். முந்திரிக்கும் அப்படியே.

பணம்தான் பாடாய்ப் படுத்தியது. கடை கடையாக க்யூஆர் கோடு தொங்குகிறது. வெளிநாட்டுக்காரருக்கு அன்றைக்கு யுபிஐ கிடையாது. கார்டு மெஷின் வைத்திருந்த கடைகளிலும் அயல்நாட்டுக் கார்டைத் தேய்த்தால் மறுத்தது. வங்கியில் தனியாக எழுதிக் கொடுத்து அந்த வசதியைத் திறந்து வாங்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியவில்லை. அதற்காக வங்கிகளுக்கு அலைந்ததில்தான் ஜூலை போயிற்று. வாங்கிய வரியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது, நடைமுறைக்கு வரவில்லை. இல்லை என்று நேராகச் சொல்ல வேண்டும். 'ஏர்போர்ட்ல கேளுங்க சார்' என்று தள்ளிவிடக் கூடாது.

ஆகஸ்ட் 4 வியாழக்கிழமை. முந்தின நாள் ஆடிப்பெருக்கு. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, தள்ளுபடிப் பலகை தொங்கினாலும் பெரிய பட்டு ஓடாது; கடைகளுக்கு நேரம் இருந்தது. அது ஒருவகையில் விருந்தினரின் அதிர்ஷ்டம். ஆவணியில் வந்திருந்தால் கல்யாணக் கும்பலுக்கு நடுவில் அவர்களை யார் கவனித்திருப்பார்கள்? சொன்னபடி வேன்கள்தான் வந்தன. அன்றும், முன்பின் நாட்களிலும், விட்டு விட்டு.

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அணியோடு வந்த ஓர் அம்மையார் கடையில் முதலில் செய்தது புடவையின் பின்பக்கத்தைப் புரட்டியது. கானாவில் கென்டே என்ற கைத்தறித் துணியைக் குறுகலான பட்டைகளாக நெய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைப்பார்கள். தையல் இல்லாமல் கரையும் உடலும் எப்படிச் சேர்ந்தன என்று கேட்டார். கோர்வையைப் பற்றி அத்தனை கூர்மையான கேள்வியை நம் ஊர்க் கல்யாண வீட்டார் கேட்டு நான் பார்த்ததில்லை. வகுப்பில் பின்வரிசையில் இருந்த அந்தப் பையன்தான் அன்று அவருக்குப் புடவை காட்டினான். விளக்கத் தெரியாமல் கடைசியில் முதலாளியைக் கூப்பிட்டான், முதலாளிக்கும் தெரியவில்லை. கடையில் மூட்டை தூக்கும் பெரியவர், பழைய நெசவாளர், வந்து கையால் நாடா தள்ளிக் காட்டி விளக்கினார். பார்வையில்லாத ஒரு விருந்தினருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. விரித்த துணியில் விரலை ஓட்டி, கோர்வை சேரும் கோட்டில் வந்து நிறுத்தி, இங்கேதானே என்றார். அதற்குப் பிறகு ஒரு கடையில் தொட்டுப் பார்க்கவென்றே ஒரு துண்டுத் துணியை வெளியே வைத்தார்கள்.

வியாபாரம் பெரிதாக நடந்தது என்று சொன்னால் பொய். ஆறு மீட்டர் புடவையை வாங்கிக்கொண்டு போய் அவர்கள் என்ன செய்வார்கள்? கழுத்தில் சுற்றும் துணி, ஜாக்கெட் துண்டு, சின்னப் பை இவைதான் போயின. எங்கள் தறிகள் சேலைக்குப் பூட்டியவை. சின்னத் துணிக்குத் தனிப் பாவு ஓட்ட யாரும் முன்வரவில்லை. அதனால் சில கடைகளில் வெளியூர் விசைத்தறிச் சால்வைகளை வாங்கி வைத்துக் காஞ்சிபுரம் என்றே விற்றார்கள். 2005-06-லேயே புவிசார் குறியீடு பெற்ற ஊருக்கு இது அழகா?

அடுத்த ஆண்டு ஜி20 கூட்டங்கள் வந்தன. 2023 பிப்ரவரியில் ஜி20 நாட்டுப் பயணிகளுக்கு சில விமான நிலையங்களில் யுபிஐ வசதி தொடங்கியது. பணச் சிக்கல் ஒன்று தளர்ந்தது. கோயில் நிர்வாகங்களிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: இந்துக்கள் அல்லாதோருக்கான அந்தப் பலகையை, நடை நேரத்தோடு சேர்த்து, கொடிமரத்தருகே அல்லாமல் ராஜகோபுரத்துக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் வையுங்கள். செலவு ஒரு தகரப் பலகை.

கமிஷனை ஒலிம்பியாட்டும் ஜி20-யும் ஒழிக்கவில்லை. வெளிநாட்டுக்காரர் வருஷத்தில் சில நாள் வருகிறவர். எங்கள் கடைகளை நடத்துவது நீங்கள். முகூர்த்தப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வரும்போது வண்டி தானாக ஒரு கடை வாசலில் போய் நின்றால், வாடகையையும் சாப்பாட்டுக் காசையும் வண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டு நாலு கடை தள்ளி நடந்து போங்கள். விலைச்சீட்டு இல்லாத புடவையைப் பிரிக்கச் சொல்லாதீர்கள்.